மலையை யார் பார்த்துக்கிறாங்க? மேகத்துக்குள் புறப்படும் விமானங்களின் கதை

விமானம் தரையிறங்குற வீடியோ நிறைய பார்த்திருப்பீங்க. குறுக்குக் காத்துல ஆடி ஆடி இறங்குறது, கடைசி நொடியில மறுபடியும் மேலே ஏறுறதுன்னு யூடியூப் முழுக்கக் கிடக்கு. ஆனா புறப்படுறதைப் பத்தி யாரும் பெரிசா பேசுறதில்லை. ரன்வேல ஓடுது, மூக்கைத் தூக்குது, மேகத்துக்குள்ள போயிடுது. கதை முடிஞ்சதுன்னு நினைக்கிறோம்.

இன்னைக்கு எபிசோடு, மேகத்துக்குள்ள போன பிறகு வரும் அந்த முதல் சில நிமிஷங்களைப் பத்தி. விமானிக்கு முன்னால் கண்ணாடி முழுக்க வெள்ளை. கீழே தரை தெரியாது. முன்னால் மலை இருந்தாலும் தெரியாது. அந்த நேரத்தில், விமானம் மலையில் மோதாமல் பார்த்துக்கொள்வது யாரோட வேலை? விமானியோடதா? ரேடார் திரை முன்னால் உட்கார்ந்திருக்கும் கன்ட்ரோலரோடதா? இல்லை, காக்பிட்டில் இருக்கும் கம்ப்யூட்டரோடதா?

இந்தக் கேள்விக்கு விமானத் துறை எழுதி வெச்ச பதிலுக்குப் பேர் 'கருவிப் புறப்பாட்டு நடைமுறை'. இன்ஸ்ட்ருமென்ட் டிபார்ச்சர் புரொசீஜர். பார்க்க ஒரு பக்கக் காகிதம்தான். சில ஊர்களில் நாலு வரி மட்டும்தான். அந்த நாலு வரியைப் படிக்காததால், அல்லது அது நமக்கில்லை என்று நினைத்ததால், ஒரே மலையில் 13 வருட இடைவெளியில் இரண்டு விமானங்கள் மோதியிருக்கு. அந்த மலைக்குப் போறதுக்கு முன்னாடி, இந்தக் காகிதம் எப்படிப் பிறந்துச்சுன்னு பார்த்துடலாம்.

1929: வெளியே பார்க்காமல் ஒரு டேக்-ஆஃப்

1920-களில் விமானிகளுக்கு மேகம் என்றால் உயிர்ப் பயம். காரணம் நம்ம காது. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, வெளியே எதுவும் தெரியாதபோது நம்மை ஏமாற்றிவிடும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் உடம்புக்கு அது நேராகப் போவது மாதிரியே இருக்கும். விமானி எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டே சுழன்று தரையில் மோதுவார்.

1929 செப்டம்பர் 24. நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்டில் இருக்கும் மிட்செல் ஃபீல்டு. அமெரிக்க ராணுவ விமானி ஜிம்மி டூலிட்டில் ஒரு இரட்டை இறக்கை விமானத்தில் ஏறினார். சும்மா வீர சாகச ஆள் கிடையாது அவர். எம்ஐடியில் விமானவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அவர் உட்கார்ந்திருந்த இருக்கையை ஒரு கூடாரம் மாதிரித் துணி போட்டு மூடிட்டாங்க. வெளியே துளி வெளிச்சம் தெரியாது. முன் இருக்கையில் பாதுகாப்புக்கு பென் கெல்சி என்ற இன்னொரு விமானி. அவர் கன்ட்ரோலைத் தொடவில்லை என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியும்படி கைகளை வெளியே காட்டிக்கொண்டிருந்தார்.

டூலிட்டிலுக்கு இருந்த துணை மூன்று புதிய கருவிகளும் ரேடியோவும்தான். பால் கோல்ஸ்மேன் செய்த துல்லியமான உயரமானி, ஸ்பெர்ரி நிறுவனத்தின் செயற்கைத் தொடுவானம், திசை காட்டும் ஜைரோ, ஓடுபாதையின் திசையைச் சொல்லும் ரேடியோ சிக்னல். அவர் புறப்பட்டார், ஒரு சுற்று சுற்றினார், இறங்கினார். மொத்தம் சுமார் 15 நிமிடம். எல்லாமே வெளியே பார்க்காமல்.

வரலாற்றுப் புத்தகங்கள் இதைப் பெரும்பாலும் 'கண் மறைத்துத் தரையிறங்கிய முதல் விமானி' என்றுதான் நினைவில் வைத்திருக்கின்றன. ஆனா அவர் புறப்பட்டதும் கண் மறைத்துத்தான். அன்றைக்குத் தீர்ந்தது ஒரு பிரச்சினை: மேகத்துக்குள் விமானம் நேராக இருக்கிறதா, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எந்தத் திசையில் போகிறது. தீராத பிரச்சினை ஒன்று இருந்தது. லாங் ஐலண்ட் தட்டையான நிலம். மலை இருக்கும் ஊரில் என்ன செய்வது? கருவி உங்களுக்கு 'நீங்க 3,000 அடியில இருக்கீங்க' என்று சொல்லும். முன்னால் இருக்கும் மலை 3,500 அடி என்று சொல்லாது.

பத்து சென்ட் நோட்டு

அந்தத் தகவலைச் சேர்க்க ஆரம்பித்தவர் எல்ரே ஜெப்பசன். 1930 வாக்கில் சால்ட் லேக் சிட்டிக்கும் வயோமிங்கில் இருக்கும் ஷயானுக்கும் இடையில் தபால் விமானம் ஓட்டியவர். ராக்கி மலைத்தொடர் வழியாகப் போகும் பாதை அது. விமானிகளுக்கென்று ஒழுங்கான வரைபடம் அப்போது கிடையாது. சாலை வரைபடத்தையும் ரயில் தண்டவாளத்தையும் பார்த்துப் பறந்துட்டு இருந்தாங்க.

ஜெப்பசன் பத்து சென்ட் கொடுத்து ஒரு நோட்டு வாங்கினார். ஓடுபாதையின் நீளம், எந்தப் பக்கம் சரிவு, பக்கத்தில் என்ன கம்பம், எந்த மலை எவ்வளவு உயரம் என்று எழுத ஆரம்பித்தார். லீவு நாளில் உயரமானியைத் தூக்கிக்கொண்டு மலைகளில் ஏறி உயரம் அளந்தார். வழியில் இருக்கும் விவசாயிகளின் போன் நம்பரையும் குறித்து வைத்தார், வானிலை எப்படி இருக்கிறது என்று கேட்பதற்காக. கூட வேலை பார்த்த விமானிகள் 'எனக்கும் ஒரு காப்பி குடு'ன்னு கேட்க ஆரம்பிச்சாங்க. ஒரு காப்பி பத்து டாலர்னு வித்தார். 1934-ல் அதுவே நிறுவனமானது. இன்றைக்கும் உலகம் முழுக்க விமானிகள் வரைபடத்தை 'ஜெப்' என்று சொல்வது அவர் பேரால்தான்.

ஆனா அந்தக் காலத்து உழைப்பு பெரும்பாலும் தரையிறங்குவதைச் சுற்றியே இருந்தது. யோசிச்சா காரணம் புரியும். இறங்கும்போது தரையை நோக்கி வருகிறோம், அதனால் பயம் இருக்கும். புறப்படும்போது தரையை விட்டு விலகுகிறோம், அதனால் உயர உயர ஆபத்து குறையும் என்று மனசு தானாகவே நம்பிவிடும். நீங்கள் ஏறும் வேகத்தைவிட வேகமாகத் தரையும் ஏறினால்? அப்போது அந்த நம்பிக்கை உதவாது.

அந்த 200 அடி எங்கிருந்து வந்தது?

1960-களில் அமெரிக்கா இதற்கெல்லாம் ஒரே அளவுகோல் வகுத்தது. அதன் சுருக்கப் பெயர் டெர்ப்ஸ். இங்கே கொஞ்சம் கணக்கு வரும், பயந்துடாதீங்க. எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

ஓடுபாதையின் கடைசி முனையிலிருந்து ஒரு கற்பனைச் சரிவு மேல்நோக்கிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 அடி முன்னால் போனால் 1 அடி உயரும் சரிவு. ஒரு நாட்டிக்கல் மைலுக்கு 152 அடி வரும். முதலில் அதிகாரிகள் பார்ப்பது, இந்தச் சரிவைத் தாண்டி ஏதாவது தலை நீட்டுகிறதா என்பதை: மரம், கோபுரம், குன்று, எதுவானாலும்.

விமானம் அந்தச் சரிவை உரசிக்கொண்டு போகக் கூடாது இல்லையா? அதனால் மைலுக்கு 48 அடி கூடுதல் இடைவெளி. 152-ம் 48-ம் கூட்டினால் 200. ஆக, விமானி ஓடுபாதை முனையைக் குறைந்தது 35 அடி உயரத்தில் கடக்க வேண்டும், அங்கிருந்து 400 அடி ஏறும்வரை திரும்பக் கூடாது, அதன் பிறகும் மைலுக்கு 200 அடி வீதம் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவும் செய்தால், தடை எதுவும் தலை நீட்டாத விமான நிலையத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாதுகாப்பு. சர்வதேச அமைப்பான ஐசிஏஓ வகுத்த விதியும் கிட்டத்தட்ட இதேதான். அதில் சதவீதமாகச் சொல்வாங்க: 2.5 சதவீதம் சரிவு, 0.8 சதவீதம் இடைவெளி, ஏற வேண்டியது 3.3 சதவீதம்.

இதில் ஒரு பொறி இருக்கு. விதி 'ஒரு மைலுக்கு' இத்தனை அடி என்று சொல்கிறது. காக்பிட்டில் இருக்கும் முள் 'ஒரு நிமிடத்துக்கு' இத்தனை அடி என்று காட்டுகிறது. தரையைப் பொறுத்து 120 நாட் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 2 மைல். அப்போ நிமிடத்துக்கு 400 அடி ஏறினால் போதும். 180 நாட் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 3 மைல். இப்போ 600 அடி ஏற வேண்டும். பின்னாலிருந்து காற்று தள்ளினால் தேவை இன்னும் கூடும். வேகமாகப் போறதால மலையும் வேகமா பக்கத்துல வந்துடும், அவ்வளவுதான் விஷயம்.

சரி, அந்தச் சரிவைத் தாண்டி ஒரு மலை தலை நீட்டினால்? அங்கேதான் தனி நடைமுறை எழுதுவார்கள். 'இந்தத் திசையில் திரும்பு, இந்த உயரம் வரும்வரை கிழக்கே போகாதே', 'மைலுக்கு 200 போதாது, இங்கே 350 வேண்டும்', 'மேகம் இவ்வளவு தாழ்வாக இருந்தால் புறப்படாதே' என்கிற மாதிரி. தடையைத் தவிர்ப்பதற்காக மட்டுமே எழுதப்படும் இந்த வகைக்கு ஓடிபி என்று பெயர். அமெரிக்க வரைபடங்களில் இந்த மாதிரி சங்கதி ஏதாவது இருந்தால், கறுப்பு முக்கோணத்துக்குள் வெள்ளை 'டி' என்ற எழுத்து இருக்கும். விமானிகள் அதை 'ட்ரபிள் டி' என்று கூப்பிடுவார்கள். பேரே சொல்லுது பாருங்க, இங்க தொல்லை இருக்குன்னு.

இன்னொரு வகை எஸ்ஐடி, சிட். இதுவும் தடைகளைத் தவிர்க்கும். ஆனால் இதை எழுதுவதற்கு முக்கியக் காரணம் போக்குவரத்து. பரபரப்பான விமான நிலையத்தில் ஒவ்வொரு விமானிக்கும் 'இங்க திரும்பு, அங்க ஏறு' என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஒரு பெயரைச் சொன்னால் போதும், முழுப் பாதையும் விமானிக்குத் தெரிந்துவிடும். பங்ஷன் எழுதி வெச்சுட்டு, வேணும்கிறப்ப பேரைச் சொல்லி கால் பண்றோமே, அது மாதிரிதான்.

ரெண்டுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு. சிட் வேண்டுமென்றால் கன்ட்ரோலர் கொடுக்க வேண்டும். ஓடிபி-க்கு அப்படி அனுமதி தேவையில்லை. கன்ட்ரோலர் வேறு வழி எதுவும் சொல்லாவிட்டால், விமானி தானாகவே எடுத்துப் பறக்கலாம். யாராவது ஞாபகப்படுத்துவார்கள் என்று எதிர்பார்க்கவும் முடியாது. தேடிப் படிக்க வேண்டியது விமானி.

பொறுப்பு எங்கே கை மாறுது?

கணக்கு இவ்வளவு தெளிவா இருந்தும் ஏன் விபத்து நடந்தது? பிரச்சினை கணக்கில் இல்லை, 'யார் பார்த்துக்கிறாங்க' என்கிற கேள்வியில் இருந்தது.

இதை உலகத்துக்குக் காட்டிய விபத்து ஒன்று, புறப்பாட்டில் நடக்கவில்லை, இறங்கும்போது நடந்தது. 1974 டிசம்பர் 1. டிடபிள்யூஏ 514, போயிங் 727. வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. கன்ட்ரோலர் இறங்குமுறைக்கு அனுமதி கொடுத்தார். அனுமதி கிடைத்துவிட்டது என்றால் 1,800 அடிக்கு இறங்குவது பாதுகாப்பு என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். மலைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை விமானிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று கன்ட்ரோல் தரப்பு எடுத்துக்கொண்டது. விமானம் வர்ஜீனியாவில் மவுண்ட் வெதர் மலையில் மோதியது. 92 பேரும் இறந்தார்கள். பெரிய பயணிகள் விமானங்களில் தரை நெருங்கினால் கத்தும் எச்சரிக்கைக் கருவி கட்டாயமானதும், 'அனுமதி' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று விதிகளைத் திருத்தி எழுதியதும் இதற்குப் பிறகுதான்.

கல்யாண வீட்டுல நடக்குமே, சாம்பாருக்கு உப்பு நீ போட்டிருப்பன்னு நான் நினைச்சேன், நான் போட்டிருப்பேன்னு நீ நினைச்ச. அதே கதைதான். ஆனா இங்க பந்தியில உட்கார்ந்திருந்தது 92 பேர்.

ஓட்டே மலை, முதல் தடவை: 1991

கலிஃபோர்னியாவில் சான் டியாகோ. மெக்சிகோ எல்லையை ஒட்டி பிரவுன் ஃபீல்டு என்று ஒரு சின்ன விமான நிலையம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 526 அடி உயரத்தில் இருக்கு. அதற்குக் கிழக்கே ஓட்டே மலை. உச்சி 3,566 அடி.

நாம பார்த்த கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். 526-லிருந்து ஆரம்பித்து, மைலுக்கு 200 அடி வீதம் 8 மைல் ஏறினால் 1,600 அடி கூடும். முனையில் இருக்கும் 35 அடியையும் சேர்த்தால் சுமார் 2,160. மலை உச்சியை விட 1,400 அடி கீழே. அதாவது, வழக்கமான ஏற்றத்தில் மலையைப் பார்த்து நேராகப் போனால் மலைக்குள்ளேதான் போவோம். அதனால்தான் இந்த ஊருக்குத் தனி நடைமுறை எழுதி வைத்திருந்தார்கள்.

1991 மார்ச் 16, விடியற்காலை இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால். கன்ட்ரி இசைப் பாடகி ரீபா மெக்கென்டயரின் குழு, சான் டியாகோவில் கச்சேரி முடித்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பியது. நகரத்தின் பெரிய விமான நிலையத்தில் இரவுப் புறப்பாட்டுக்குக் கட்டுப்பாடு இருந்ததால் பிரவுன் ஃபீல்டுக்கு வந்திருந்தார்கள். ரீபா அந்த விமானத்தில் இல்லை. குழுவைச் சேர்ந்த 8 பேரும் இரண்டு விமானிகளும் இருந்தார்கள்.

விமானி கிளம்புவதற்கு முன்னால் விமானச் சேவை மையத்துக்கு மூன்று முறை போன் செய்தார். இந்த ஊரின் புறப்பாட்டு நடைமுறை தன்னிடம் இல்லை என்று சொன்னார். மையத்தில் இருந்தவர் போனிலேயே அதை வாசித்துக் காட்டினார். ஆக, அந்தக் காகிதம் காதுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஆனா விமானியின் திட்டம் வேறு. கருவி விதியின் கீழ் அனுமதி வாங்கிக்கொண்டு புறப்படாமல், கண்ணால் பார்த்துப் பறக்கும் விதியில், விஎஃப்ஆர் என்பார்களே, அதில் கிளம்பிவிட்டு, மேலே போன பிறகு அனுமதி வாங்கிக்கலாம் என்று. அப்படிப் போனால், சான் டியாகோவைச் சுற்றியிருக்கும் கட்டுப்பாட்டு வான்பகுதிக்குள் அனுமதியில்லாமல் நுழைந்துவிடக் கூடாது. அவர் கவலை முழுக்க அதைப் பற்றியே இருந்தது. கடைசிப் பேச்சில் 3,000 அடிக்குக் கீழேயே இருந்துகொள்வதைப் பற்றிக் கேட்டார். மையத்தில் இருந்தவரும் ஒத்துக்கொண்டார். சுற்றியிருக்கும் மலையைப் பற்றி அந்தப் பேச்சில் அவர் எதுவும் சொல்லவில்லை.

3,000 அடிக்குக் கீழே. மலை 3,566 அடி. ஓடுபாதையிலிருந்து வடகிழக்கே சுமார் 8 மைலில், 3,300 அடி உயரத்தில், விமானம் மலைச்சரிவில் மோதியது. 10 பேரும் இறந்தார்கள்.

வானம் மோசமாக இருந்ததா? இருட்டுதான் பிரச்சினை. விளக்கே இல்லாத மலை ராத்திரியில் வானத்தோடு வானமாகக் கலந்துவிடும். கண்ணால் பார்த்துப் பறக்கும் விதியில் பறந்துகொண்டிருந்தார்கள், ஆனால் பார்க்க ஒன்றும் இல்லை. விசாரணை நடத்திய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், என்டிஎஸ்பி, விமானியின் திட்டமிடலைத்தான் முதன்மைக் காரணமாகச் சொன்னது. கூடவே இருட்டு, ஊர் பழக்கமில்லாதது, மலையைப் பற்றிப் போதுமான தகவல் சொல்லப்படாதது எல்லாவற்றையும் காரணிகளாகச் சேர்த்தது.

இது ஏதோ சின்ன விமானங்களுக்கு மட்டும் நடப்பது என்று நினைக்காதீங்க. 1996 ஆகஸ்ட் 17 இரவு, வயோமிங்கின் ஜாக்சன் ஹோல் விமான நிலையத்திலிருந்து அமெரிக்க விமானப்படையின் சி-130 ஒன்று புறப்பட்டது. அதிபர் கிளின்டனின் பயணத்துக்காக வந்த வண்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பிய விமானம். சுற்றிலும் மலை இருக்கும் பள்ளத்தாக்கு அது. புறப்பட்ட சில நிமிடங்களில் ஷீப் மவுண்டனில் மோதியது. 9 பேர் இறந்தார்கள். பயிற்சிக்கும் பணத்துக்கும் குறைவில்லாத இடத்திலும் இது நடக்கும்.

ஓட்டே மலை, இரண்டாவது தடவை: 2004

2004 அக்டோபர் 24, நள்ளிரவு தாண்டி 25 நிமிடம் இருக்கும். மறுபடியும் பிரவுன் ஃபீல்டு. இந்தத் தடவை ஒரு விமான ஆம்புலன்ஸ், லியர்ஜெட் 35ஏ. இரண்டு விமானிகள், மூன்று மருத்துவப் பணியாளர்கள். மெக்சிகோவிலிருந்து வந்து, இங்கே சுங்கச் சோதனை முடித்துவிட்டு, சொந்த ஊரான ஆல்புகர்க்கிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நீண்ட நாளின் முடிவு. களைப்பும் ஒரு காரணம் என்று பின்னால் விசாரணை சொன்னது.

இந்த விமானிகளும் அதே முடிவுதான் எடுத்தார்கள். கண்ணால் பார்த்துப் பறக்கும் விதியில் கிளம்பி, மேலே போய் அனுமதி வாங்கிக்கலாம். கிழக்குப் பக்க ஓடுபாதையில், மலையை நோக்கிப் புறப்பட்டார்கள். கன்ட்ரோலரைக் கூப்பிட்டார்கள். அவர் ரேடாரில் விமானத்தை அடையாளம் கண்டுகொண்டார். 020 திசையில் போகச் சொன்னார், கண்ணால் பார்த்துப் பறக்கும் விதியிலேயே இருக்கச் சொன்னார், 5,000 அடிக்கு மேலே கருவி அனுமதியை எதிர்பார்க்கச் சொன்னார்.

விமானியின் காதில் இது எப்படி விழுந்திருக்கும்? ரேடாரில் என்னைப் பார்க்கிறார், திசையும் கொடுத்துட்டார், அப்போ வழி சரியாத்தான் இருக்கும். கன்ட்ரோலரின் பக்கம்? விமானி கண்ணால் பார்த்துப் பறக்கிறார், மலையை அவரே பார்த்துக்குவார். இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில் ஒரு மலை இருந்தது. ரேடார் கம்ப்யூட்டர் தாழ்வு உயர எச்சரிக்கை கொடுத்தது. அது விமானிகளுக்குச் சொல்லப்படவில்லை. புறப்பட்ட சுமார் இரண்டு நிமிடத்தில், 2,300 அடியை ஒட்டிய உயரத்தில், லியர்ஜெட் ஓட்டே மலையில் மோதியது. 5 பேரும் இறந்தார்கள்.

என்டிஎஸ்பி-யின் முடிவை நான் முக்கியமான ஆவணம்னு நினைக்கிறேன். தரையிலிருந்து விலகியிருக்கத் தவறியது விமானிகள் என்று சொன்னது. அதே மூச்சில், கன்ட்ரோலர் கொடுத்த அந்த உத்தரவு, மலையைத் தவிர்க்கும் பொறுப்பை விமானிகளிடமிருந்து கன்ட்ரோலருக்கு மாற்றிவிட்டது என்றும், அவர் அந்தப் பொறுப்பை நிறைவேற்றவில்லை என்றும் சொன்னது. பொறுப்பு கை மாறியது. மாறியது என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியவில்லை.

சாஃப்ட்வேர் வேலையில இருக்கிற யாருக்கும் இது புதுசு கிடையாது. இன்புட்டை பேக்எண்ட் சரிபார்க்கும்னு ஃப்ரன்ட்எண்ட் நினைக்கும். ஃப்ரன்ட்எண்ட்லயே பார்த்திருப்பாங்கன்னு பேக்எண்ட் நினைக்கும். தனித்தனியா பார்த்தா ரெண்டு கோடும் சரி. நடுவுல இருக்கிற ஓட்டை யார் டிக்கெட்லயும் இருக்காது. நம்ம வேலையில அதோட விலை ஒரு ராத்திரி தூக்கம். அவங்க வேலையில வேற.

இப்போ என்ன மாறியிருக்கு?

நிறைய மாறியிருக்கு. ஆரம்ப கால எச்சரிக்கைக் கருவி விமானத்துக்கு நேர் கீழே இருக்கும் தரையை மட்டும்தான் பார்த்தது. செங்குத்தான மலை என்றால் சில நொடி அவகாசம்தான். இப்போதைய கருவியில் உலகத்தின் மேடு பள்ளமெல்லாம் டேட்டாபேஸாக இருக்கு. ஜிபிஎஸ் இடத்தைச் சொல்ல, முன்னால் இருக்கும் மலையைப் பார்த்துக் கத்தும். செயற்கைக்கோள் வழிகாட்டலில் வரையப்படும் சிட் பாதைகள் பள்ளத்தாக்கின் வளைவுக்கு ஏற்ப விமானத்தைத் திருப்பும். அமெரிக்காவில் விமான நிறுவனங்களும் வாடகை விமானங்களும் கருவி விதியில் புறப்படும்போது, ஓடிபி இருந்தால் அதையோ கன்ட்ரோலர் கொடுத்த மாற்று வழியையோ பின்பற்றியே ஆக வேண்டும். சொந்தத் தேவைக்குப் பறப்பவர்களுக்கு இன்னும் அது அறிவுரைதான், கட்டாயமில்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. காகிதத்தில் இருக்கும் ஏற்ற விகிதம், எல்லா எஞ்சினும் ஓடுகிறது என்ற கணக்கில் போட்டது. ஒரு எஞ்சின் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை. அதற்கு விமான நிறுவனங்கள் தனியாக ஒரு தப்பிக்கும் பாதை வரைந்து வைத்திருக்கும். மலை இருக்கும் ஊர்களில் விமானிகள் புறப்படும் முன்பே அதையும் பேசி முடித்திருப்பார்கள்.

ஆனா கருவி எவ்வளவு வந்தாலும், இந்த வரலாறு சொல்ற பாடம் ஒண்ணுதான். நீங்க பைலட்டாகப் படிச்சுட்டு இருக்கீங்கன்னா, இல்லை சிமுலேட்டர்ல மாட்டிக்கிட்டு ராத்திரி தூங்காத ஆளுன்னா, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. இந்த ஊர்ல 'ட்ரபிள் டி' இருக்கா? மைலுக்கு எத்தனை அடி ஏறணும், என் இன்றைய வேகத்தில் அது நிமிடத்துக்கு எத்தனை? எந்த உயரம் வரைக்கும் மலையைத் தவிர்ப்பது என் பொறுப்பு? கன்ட்ரோலர் ஒரு திசை சொன்னால், அது எந்த மேட்டைத் தாண்டிப் போகிறது? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியலைன்னா, ரேடியோவில் கேட்கலாம். கேட்டா யாரும் சிரிக்க மாட்டாங்க.

பயணியா போறவங்களுக்கும் ஒரு விஷயம். அடுத்த தடவை மேகத்துக்குள்ள விமானம் திடீர்னு ஒரு பக்கம் சாய்ஞ்சு திரும்பினா, பக்கத்து சீட்டுக்காரர் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பார். அந்தத் திருப்பத்தை யாரோ எப்பவோ கணக்குப் போட்டுக் காகிதத்துல எழுதி வெச்சிருக்காங்க. சில ஊர்கள்ல அதுக்குப் பின்னால ஒரு மலையும், அதுல போன சில உயிர்களும் இருக்கலாம். முன் சீட்டில் இருக்கும் இரண்டு பேர், கிளம்புறதுக்கு முன்னாடியே அதைச் சத்தமா படிச்சு, 'இந்த மலை நம்ம பொறுப்பு'ன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லியிருப்பாங்க.

இந்த எபிசோடு பிடிச்சிருந்தா, விமானத்துல ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுற ஒரு நண்பருக்கு அனுப்பி வைங்க. அடுத்த வாரம் வேற ஒரு கதையோட வர்றேன்.